நான் சேர்த்துக் கொடுத்த ஸ்ருதி

போன மாதம் ரேவதி என்று ஒரு பெண் வீடு தேடி வந்தாள். ராஜபாளையத்தில் நான் இருபத்தோரு வருஷம் வேலை பார்த்த அதே பெண்கள் பள்ளியில் இப்போது அவள்தான் வயலின் டீச்சர். பள்ளி மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். "நாலு பக்கம் போதும் மேடம், உங்க சேவையைப் பத்தி" என்றாள். சேவை என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும். நான் பார்த்தது சம்பளத்துக்கு வேலை. முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காபி குடித்துக்கொண்டே கைபேசியை எடுத்து ஒன்றைக் காட்டினாள். வயலின் தந்தியை மீட்டினால் அதில் ஒரு முள் ஆடுகிறது. தந்தி தளர்ந்திருந்தால் சிவப்பு, சரியாக நின்றால் பச்சை. "பச்சை எரிஞ்சா ஸ்ருதி சேந்துருச்சுன்னு அர்த்தம் மேடம். பிள்ளைகள இதுக்குப் போட்டுப் பாடாப்படுத்த வேண்டாம். காலையில நானே எல்லா வயலினையும் சேத்து வச்சிருவேன். எம்புட்டு நேரம் மிச்சம் தெரியுமா?"

அவள் சொன்ன அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்துக்காகத்தான் பேனாவை எடுத்தேன். இல்லையென்றால், கண்ணும் சரியில்லை, காதிலும் எந்நேரமும் ஒரு ரீங்காரம் கேட்கிறது, "முடியாதும்மா" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். எழுதித் தருகிறேன் ரேவதி, ஆனால் நீ கேட்டது இதில் இருக்காது.

எனக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். வயலின் கற்றது மதுரையில். அந்தக் கதை நீளம். சுருக்கமாகச் சொன்னால், என் வாத்தியார் முதல் ஒரு வருஷம் என்னை வில்லையே தொட விடவில்லை. நான்கு தந்தியையும் தொளதொளவென்று தளர்த்திவிட்டு, "சேர்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். தந்தியை முறுக்குகிற மரத் திருகுக்குப் பிருடை என்று பெயர். அதைத் திருகித் திருகிக் கட்டைவிரல் காய்த்துப்போனது. என்னோடு சேர்ந்த பிள்ளைகள் கீதம் வாசித்துக்கொண்டிருக்க, நான் முறுக்கிக்கொண்டிருந்தேன். என்றைக்காவது நான் டீச்சரானால் எந்தப் பிள்ளையையும் இப்படி வதைக்க மாட்டேன் என்று மனசுக்குள் சபதம் போட்டேன். சின்ன வயசில் போடுகிற சபதமெல்லாம் இப்படித்தான், அரைகுறை.

எழுபதுகளின் கடைசியில் பள்ளியில் வேலை கிடைத்தது. ஊரில் மில் வைத்திருந்த ஒரு ராஜுக்கள் வீட்டு அம்மா பன்னிரண்டு வயலின்களைப் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். ஆனாலும் கடைசிவரை எனக்குப் பெயர் 'பாட்டு டீச்சர்'. கடவுள் வாழ்த்து பாட வேண்டும், கொடியேற்றத்துக்குப் பாட வேண்டும், கணக்கு டீச்சர் பிரசவ லீவில் போனால் அந்த வகுப்பில் உட்கார வேண்டும், விழா வந்தால் தோரணமும் கட்ட வேண்டும். இதற்கு நடுவில் வாரத்துக்கு நான்கு பீரியட் வயலின்.

தலைமையாசிரியை எஸ்தர் அம்மா. எல்லோருக்கும் அவர்கள் 'பெரிய டீச்சர்'. திருநெல்வேலிப் பக்கம். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, ஒற்றைப் பின்னல், கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். அந்த அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வகுப்பைப் பார்வையிட வந்தால் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார்கள். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுப்பார்கள். பீரியட் முடிகிறவரை பேச்சே கிடையாது. போகும்போது "வாரேன் டீச்சர்" என்பார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலையில் நோட்டில் உள்ளதை ஒரு தாளில் எழுதி நான்காக மடித்து அனுப்பிவைப்பார்கள். அந்த மடித்த தாளைப் பாதி டீச்சர்கள் மத்தியானம் வரை பிரிக்கவே மாட்டார்கள்.

எனக்கு வந்த முதல் தாளில் மூன்றே வரி. "ஸ்ருதி சேர்த்தது 22 நிமிடம். இடம் பிடித்து நின்றது 5 நிமிடம். பிள்ளைகள் வாசித்தது 13 நிமிடம்."

நாற்பது நிமிஷத்துக்கும் கணக்குச் சரியாக இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. நியாயம் கேட்கலாம் என்று அறைக்குப் போனேன்.

"பன்னெண்டு வயலின் டீச்சர், ஒண்ணுக்கு நாலு தந்தி. நாற்பத்தெட்டு தந்திய நான் ஒருத்தி சேக்கணும்" என்றேன்.

"நான் உங்களக் குத்தம் சொல்லலியே" என்றார்கள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "பாக்கதத்தான எழுதுதேன். பிள்ளைக வாசிக்கதுக்குத்தான வருதுக? அதுக்கு என்ன வழின்னு நீங்கதான் பாக்கணும்."

நான் ஒரு வழி பார்த்தேன். அதுதான் இந்தக் கட்டுரை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க ஆரம்பித்தேன். ஏழு மணிக்குள் பள்ளி. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு முணுமுணுப்பார். சைக்கிள் ஷெட்டை ஒட்டி எங்கள் அறை. பீரோவைத் திறந்து பன்னிரண்டு வயலினையும் பெஞ்சில் வரிசையாகப் படுக்க வைப்பேன். முதலில் துடைப்பு. வில்லுக்குத் தடவுகிற பிசின்தூள் தந்திக்கு அடியில் மாவு மாதிரி படிந்திருக்கும். அதைத் துடைக்க மெல்லிசான பேண்டேஜ் துணி. எங்கள் பக்கத் தறிகளில் நெய்கிற துணி, அதற்குப் பஞ்சமே கிடையாது. பிறகு பிருடையை ஒவ்வொன்றாக உருவி, சாக்பீஸைத் தேய்த்துத் திரும்பச் செருகுவேன். சாக்பீஸ் தேய்த்தால் நழுவாது. மலையிலிருந்து மழை இறங்குகிற மாதங்களில் மரம் ஊறிப் பிருடை இறுகிக்கொள்ளும். வெயில் காலத்தில் காய்ந்து தானாகவே வழுக்கிக்கொண்டு கழலும். இரண்டு பருவத்துக்கும் இரண்டு வகை வசவு வைத்திருந்தேன். கடைசியாகச் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு, தந்தி தந்தியாகச் சேர்ப்பேன். மீட்டு, அழுத்தியபடியே திருகு, மீட்டு, கேள். ஒன்பதரைக்கு மணி அடிக்கும்போது நாற்பத்தெட்டு தந்தியும் ஒரே குரலில் இருக்கும். பிள்ளைகள் வந்து எடுத்து வாசிக்க வேண்டியதுதான் பாக்கி.

அடுத்த பார்வையிடலில் வந்த தாள்: "ஸ்ருதி 0. வாசித்தது 34. நன்று." அந்த 'நன்று' எழுதிய தாளை ரொம்ப நாள் கைப்பையில் வைத்திருந்தேன். ஆண்டுவிழாவில் பன்னிரண்டு பேரும் ஒரே இழுப்பில் வில்லை இழுத்தபோது, வயலின் கொடுத்த அந்த அம்மா முன்வரிசையில் இருந்து "பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கில் பாராட்டிக் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வாத்தியார் முறையை நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

மாரீஸ்வரி ஆறாம் வகுப்பில் வந்தவள். அப்பா வேலுச்சாமி, நூல் மில்லில் சைடர். ஓடுகிற இயந்திரத்தில் நூல் அறுந்தால் ஒட்டுகிற வேலை. அம்மா வீட்டிலிருந்தே பேண்டேஜ் துணி மடித்துக் கொடுப்பாள். பிள்ளை ஒல்லி, ஆனால் விரல் நீளம், வில் பிடித்தால் மணிக்கட்டு தண்ணீர் மாதிரி வளையும். மற்ற பிள்ளைகளுக்கு மூன்று மாதம் எடுக்கிற பாடம் இவளுக்கு மூன்று வாரம். ஏழாம் நம்பர் வயலின் அவளுடையது. வேறு யாராவது தொட்டால் முகம் சுண்டிப்போகும்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எட்டு மணிக்கே வந்து, அறை வாசலில் நின்று, நான் ஸ்ருதி சேர்ப்பதைக் கண் கொட்டாமல் பார்ப்பாள். ஒரு நாள் மெள்ள உள்ளே வந்து கேட்டாள்.

"டீச்சர், ஏழாம் நம்பர மட்டும் நான் முறுக்கிப் பாக்கட்டா?"

"ஏட்டி, கைய எடு. தந்தி அறுந்தா ஒங்கப்பனா வந்து ஒட்டுவான்?"

நூல் ஒட்டுகிறவர் மகளிடம் அப்படிச் சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவளும் சிரித்தாள். கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

பத்தாம் வகுப்பு முடிகிற சமயம். மாரீஸ்வரியின் தாய்மாமன் வீடு மகாராஜபுரத்தில். தென்னந்தோப்பு, கொஞ்சம் நெல் வயல். பத்தாவது முடிந்ததும் மாமனுக்கு நிச்சயம் பண்ணிவிடுவது என்று வீட்டில் பேச்சு. இது எனக்குத் தெரிந்ததும் வேலுச்சாமியைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். அரசாங்கம் நடத்துகிற இசைப் பரீட்சை ஒன்று இருக்கிறது, அதில் தேறி அடுத்த பரீட்சையும் எழுதினால் பயிற்சிக்குப் போகலாம், பிறகு என்னைப் போல டீச்சர் வேலைக்கு வரலாம் என்று விளக்கினேன். பெரிய டீச்சரும் பக்கத்தில் இருந்தார்கள்.

மனுஷன் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே கேட்டார். "பாஸாயிருமா டீச்சர்?"

"கண்ண மூடிக்கிட்டு வாசிப்பா."

"சரி. ஒரு வாட்டி எழுதட்டும். பாஸாயிட்டா மச்சினன்கிட்ட நான் பேசிக்கிடுதேன், படிக்கட்டும். இல்லன்னா என்னைய மேக்கொண்டு கேக்கக் கூடாது."

"அவிய வாக்கு சுத்தமான ஆளு" என்றார்கள் பெரிய டீச்சர், அவர் போனதும். "பிள்ளைய நல்லா தயார் பண்ணுங்க."

தயார் பண்ணினேன். தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். வர்ணம், கீர்த்தனை, திடீரென்று எங்கிருந்து கேட்டாலும் எடுக்கிற பழக்கம், சபைக்குக் கும்பிடு போடுவது, சேலையைச் செருகிக்கொண்டு உட்காருவதுகூட. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். அந்த ஒன்று என் நினைப்பிலேயே வரவில்லை என்பதுதான் நிஜம். வயலின் என்றால் ஸ்ருதி சேர்ந்துதான் இருக்கும் என்று அவளுக்கும் பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது.

பரீட்சை மதுரையில் ஒரு பள்ளியில். அக்னி நட்சத்திர வெயில். நானும் மாரீஸ்வரியும் அவள் அம்மாவும் போனோம். மூன்று மணி நேரம் பஸ்ஸில் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். போய்ச் சேர்ந்ததும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நான் ஸ்ருதி சேர்த்துக் கொடுத்தேன். பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள் என்றார்கள், கூப்பிட்டது ஒன்றே காலுக்கு. இரண்டு மணி நேரம் அந்தப் பெட்டி வெக்கையில் கிடந்தது. பெயர் கூப்பிட்டதும் "ஒரு நிமிஷம், பாத்துக் குடுக்கேன்" என்று கையை நீட்டினேன். வாசலில் நின்ற ஆள், "டீச்சர்மாரு வெளிய" என்று கதவைச் சாத்திவிட்டார்.

ஜன்னலுக்குக் கீழே நின்றேன். உள்ளே சுருதிப் பெட்டி கேட்டது. அவள் முதல் இழுப்பு இழுத்தாள்.

கேட்டதுமே தெரிந்தது. இரண்டு பிருடை கழன்றிருக்கின்றன. வில் சுத்தம், விரல் சுத்தம், ஆனால் வருகிற நாதம் சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் எங்கோ தனியாக அழுதுகொண்டிருக்கிறது. நான்கு வரி வாசித்திருப்பாள். நிறுத்தினார்கள்.

"ஸ்ருதி இறங்கியிருக்கும்மா. சேத்துக்கிட்டு வாசி. அவசரமில்ல." வயசான பெண் குரல். நல்ல குரல்தான்.

பிறகு தந்தியைச் சுண்டுகிற ஒரு ஒலி. பிருடை கிரீச்சிட்டது, நின்றது. திரும்பவும் ஒரு சுண்டல். திருகப் பயந்து கையை எடுத்துக்கொள்கிறாள் என்று ஜன்னலுக்கு வெளியே இருந்தே எனக்குத் தெரிந்தது.

"என்னம்மா?"

"எங்க டீச்சர்தான் சேத்துத் தருவாங்க. வெளிய நிக்காங்க. கூப்பிடட்டுமா?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். இன்னொரு குரல், ஆண் குரல், கோபமே இல்லாமல் கேட்டது: "பரீட்சை உனக்கா, உங்க டீச்சருக்கா?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். உடைத்தது யார் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வெளியே வந்தவள் அழவில்லை. பெட்டியைப் பூட்டினாள். குழாயடியில் போய் முகம் கழுவினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அம்மா கேட்டாள். "நல்லா வாசிச்சாளா டீச்சர்?"

"தந்தி கொஞ்சம் தகராறு பண்ணிருச்சு" என்றேன். "பாப்போம்."

மாரீஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் "வாரேன்" என்று சொல்லி நான் இறங்கிவிட்டேன். அவர்கள் ராஜபாளையம் போனார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய டீச்சரைப் போய்ப் பார்த்தேன். லீவு, ஆபீஸ் மட்டும் திறந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், சாக்பீஸ் முதல் ஜன்னல் வரை. கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த நோட்டை எடுத்துப் பழைய பக்கங்களைப் புரட்டினார்கள்.

"நிமிஷத்த எண்ணுனது நாந்தான்" என்றார்கள். "பூஜ்யம்னு எழுதி 'நன்று'ன்னும் எழுதியிருக்கேன். உங்க தப்புல பாதி என் கையெழுத்துல இருக்கு."

நோட்டை மூடிவிட்டுக் கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டார்கள்.

"நீங்க இன்னைக்கே போங்க. அந்தப் பிள்ளையோட அப்பாகிட்ட, குத்தம் பிள்ளைகிட்ட இல்ல, சொல்லிக் குடுத்த எங்ககிட்டன்னு சொல்லிருங்க. நான் வந்தா பெரிய டீச்சர் சிபாரிசுக்கு வந்துட்டாங்கன்னு நெனப்பாரு. நீங்க போனாத்தான் அது உண்மை."

"போறேன் டீச்சர்" என்றேன்.

போகவில்லை. இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு வெயில் என்று போகவில்லை. அடுத்த வாரம் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். அதற்கடுத்து, முடிவு வரட்டும், ஒருவேளை இரக்கப்பட்டுப் பாஸ் போட்டிருந்தால் எதற்கு நாமாகப் போய்ச் சொல்லிக்கொள்வது என்று ஒரு நினைப்பு. உள்ளே இருந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். ஊரில் எனக்கு நல்ல டீச்சர் என்று ஒரு பெயர் இருந்தது. ஒரு மில் தொழிலாளி முன்னால் நின்று, உங்கள் பிள்ளைக்கு நான் அரிச்சுவடியே சொல்லிக் கொடுக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இப்படியே ஆறு வாரம்.

முடிவு வந்தது. தேறவில்லை. அன்றைக்குத்தான் போனேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் போன கதை.

ரயில்வே கேட்டைத் தாண்டி, மில் ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடு. வேலுச்சாமி ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் பஞ்சை உதறிக்கொண்டிருந்தார். உள்ளே மாரீஸ்வரியும் அவள் அம்மாவும் பேண்டேஜ் துணியை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு தாம்பாளம், காய்ந்த வெற்றிலை. நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன்.

அவர் சட்டையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பிள்ள அன்னைக்கு வந்து என்ன சொல்லுச்சு தெரியுமா டீச்சர்? 'எல்லாம் மறந்துபோச்சுப்பா'ன்னு சொல்லுச்சு. உங்க பேரயே எடுக்கல. அஞ்சு வருசம் படிச்சது அஞ்சு நிமிசத்துல மறந்துபோகும்னா அது என்ன படிப்பு? அப்பிடி நெனச்சுத்தான் போன வெள்ளிக்கெழம வெத்தல மாத்திட்டோம்."

"இன்னொரு தடவை எழுதலாம். ஆறு மாசம் குடுங்க. நான் பொறுப்பு."

"வாக்குக் குடுத்தாச்சே." கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. "நான் மில்லுல நூல் ஒட்டுதவன். ஒரு ஷிஃப்ட்டுக்கு எம்புட்டோ அறும். அறுந்த எடம் தெரிஞ்சா ஒரு நொடியில ஒட்டிருவேன். நீங்க எங்க அறுந்துச்சுன்னே சொல்லலியே டீச்சர். அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா இன்னொரு வாட்டி எழுது தாயின்னு நானே சொல்லியிருப்பேன்லா."

உள்ளே துணி மடிக்கிற சத்தம் நின்றது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. திரும்பவும் மடிக்கிற சத்தம் கேட்டதும் வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸ்டாண்ட் வரை நடந்து வந்தது எனக்கு ஞாபகமில்லை. வெட்கம் மட்டும் ஞாபகமிருக்கிறது. இத்தனை வருஷத்தில் அது ஒரு துளி குறையவில்லை.

அந்த ஜூன் கடைசியிலேயே ஆறு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்த வகுப்பில் பன்னிரண்டு வயலினையும் தந்தி தளர்த்தி பெஞ்சில் வைத்து, "சேருங்க" என்றேன். என் வாத்தியார் சிரித்திருப்பார். பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் பிருடையைத் திருகினால் எழுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும், சந்தைக்கு வந்த ஆட்டு மந்தை தேவலை. தந்திகள் அறுந்தன. ஒரு பிள்ளைக்குக் கன்னத்தில் அடித்தது. பெரிய டீச்சர் கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். மறுநாள் தாள் வந்தது: "ஸ்ருதி சேர்த்தது 27. வாசித்தது 8. சரி." கீழே முழுக் கையெழுத்து. வழக்கமாகச் சுருக்கொப்பம்தான் போடுவார்கள். யாராவது கேட்டால் காட்டிக்கொள் என்பதற்காகப் போட்டது என்று புரிந்துகொண்டேன்.

அவர்கள் ஓய்வு பெற்றபின் வந்தவர்களுக்கு அது புரியவில்லை. "பட்டறை நடத்துறீங்களா டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். என் பிள்ளைகள் பாட்டுக்கு வர வருஷக்கணக்கானது. ஆண்டுவிழாவில் வயலினை எடுத்துவிட்டு கேசட் போட்டு டான்ஸ் வைத்தார்கள். வயலின் கொடுத்த அம்மாவும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நல்ல டீச்சர் என்ற பெயர், எதற்காக ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அந்தப் பெயர், அதுவாகவே போய்விட்டது. பரீட்சைக்குப் போன பிள்ளைகள் தேறினார்கள். ஆனால் மாரீஸ்வரி மாதிரி ஒரு மணிக்கட்டு என் கண்ணில் மறுபடி படவில்லை. இத்தனை வருஷம் அந்த இரைச்சலில் நின்று காது கெட்டது. சில நாள் பஸ்ஸில் கண்டக்டர் கேட்பதே விளங்காது. வேலையை விட்டுவிடலாமா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டார்கள், சேவை என்றார்கள். வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கினேன்.

அதற்கு முந்தைய வருஷம் நடந்ததை எழுதி முடித்துவிடுகிறேன். ரேவதி, இதை நீ மலரில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

அதுவும் ஒரு ஜூன் மாதம். அறை வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. நல்ல உயரம், கழுத்தில் தாலி, கையில் வயல் வேலை பார்த்த கறுப்பு. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை. அன்றைக்கு என்னவோ சீக்கிரமே வந்துவிட்டேன், மணி எட்டு.

"என்னைய தெரியுதா டீச்சர்?"

மாரீஸ்வரியைத் தெரியாமல் இருக்குமா?

"இவ கார்த்திகா. ஆறாப்பு. எங்க அப்பா வீட்ல விட்டுப் படிக்க வைக்கேன். இவ வயலின்தான் வேணுங்கா."

"நீ இப்ப வாசிக்கியாம்மா?" என்று அவளைக் கேட்டேன். என்ன கேள்வி அது?

"தொட்டது இல்ல டீச்சர். அங்க வயலினுக்கு எங்க போக?" சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அன்னைக்கு ஒங்கப்பாகிட்ட ஏன் என்னையச் சொல்லல?"

அவள் யோசித்தாள். "நீங்களே வந்து சொல்லுவீகன்னு நெனச்சேன்."

பீரோவைத் திறந்தேன். நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, கை தானாகவே ஏழாம் நம்பரை எடுத்தது. பெஞ்சில் வைத்தேன். தந்தி நான்கும் தளர்ந்து கிடந்தன. பதினான்கு வருஷமாக எந்தப் பிள்ளையின் வயலினையும் நான் சேர்த்துக் கொடுத்ததில்லை. ஆனால் அன்றைக்கு, அந்தத் தாயும் மகளும் நின்றதைப் பார்த்ததும், முதல் நாளாவது இந்தப் பிள்ளைக்கு ஒழுங்கான நாதம் கேட்கட்டும் என்று தோன்றிவிட்டது. பிருடையில் கை வைத்துவிட்டேன்.

மாரீஸ்வரி என் கை மேல் தன் கையை வைத்தாள். கரடுமுரடான கை.

"விடுங்க டீச்சர். அவ முறுக்கட்டும்."

பிள்ளை அம்மாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, வயலினைத் தூக்கிக்கொண்டது. சுருதிப் பெட்டியைப் போட்டேன். மீட்டியது, திருகியது. மீட்டியது, திருகியது. நாதம் ஏறி ஏறிச் சரியான இடத்துக்கு வந்தது, அங்கே நிற்காமல் தாண்டிப் போயிற்று. எனக்குத் தெரிந்தது. "போதும்" என்று வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் தந்தி படீரென்று அறுந்து சுருண்டது.

பிள்ளை பிருடையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தது.

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது" என்றாள் மாரீஸ்வரி. "எங்க அறுந்துச்சுன்னு பாத்துக்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "வேற தந்தி இருக்கும்லா டீச்சர்?"

இருந்தது. எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். எப்படி மாட்டுவது என்று வாயால் மட்டும் சொன்னேன். என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.